முப்பத்தாறுக்கு மேலே

போன வாரம், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், தர்ஷினி என் அறைக்கு வந்தாள். ஹட்டன் பஜாரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது என் அறை. ஏணி மாதிரி செங்குத்தான படிகள். ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள். தர்ஷினிக்கு மூச்சு வாங்கவில்லை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை அவள், தினமும் மலை ஏறி இறங்குகிற கால்கள். குடையை வாசலில் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் வினாகிரி வாசம் அறை முழுக்கப் பரவியது.

"அக்கா, இது என் சடங்கு ரோல். உங்க பொருளும் இதுக்குள்ளதான் இருக்கு."

நெகட்டிவ் ஈரத்தில் பல வருஷம் அடைபட்டுக் கிடந்தால் அப்படித்தான் புளித்து மணக்கும். உங்களுக்கு அந்த வாசம் மாங்காய் அச்சாறை ஞாபகப்படுத்தலாம். எனக்குத் தலவாக்கலை பஜாரில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் இருட்டறைதான் ஞாபகம் வரும். அடையாள அட்டைக்கான கறுப்பு வெள்ளைப் படங்களை அங்கேயே கழுவுவோம். வரிசையாக வைத்த மூன்று தட்டுகளில் நடுத்தட்டு மருந்துக்கு இதே வாசம். என் பாவாடை, என் தலைமுடி, நான் கட்டிக்கொண்டு போகும் ரொட்டி எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை அச்சாறு விற்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. திருத்தினால் ஸ்டூடியோவில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும், உறையில் பெயர் எழுதுகிற வேலை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணமே எழுத்துதான். வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுத ஓர் ஆள் முதலாளிக்குத் தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எந்தத் தாளை நீட்டினாலும் பெருவிரலைத்தான் நீட்டுவார்கள். நான் உயர்தரம் வரை படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, ஆனால் தலைக்கனத்துக்குப் போதும்போதும் என்று இருந்தது. எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னிடம்தான் வருவார்கள். நானும் ஒரு டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உறையைப் பிரிப்பேன்.

முதலாளியிடம் ஒரு நல்ல கேமரா இருந்தது. அதனோடு வந்த ஆங்கிலக் கைநூல் பதினைந்து வருஷமாக ஓர் அலுமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதை உருவி எடுத்துத் துடைத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாசித்தேன். அலுமாரி அன்றிலிருந்து ஆடத் தொடங்கியது. ரோலை வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, நுனியை வீணாக்காமல் கொஞ்சமாக இழுத்து மாட்டினால், முப்பத்தாறு படம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முப்பத்தேழு கட்டாயம் வரும், கை சுத்தமாக இருந்தால் முப்பத்தெட்டும் வரும் என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டேன். முதலாளியிடம் சொன்னபோது சிரித்தார்.

"பெட்டியில போட்டிருக்கத விட கூட வருமா? அப்பிடி வந்தா அது ஒனக்குத்தாம்மா. நீயே வச்சுக்க."

சிரித்துக்கொண்டு கொடுத்த வாக்கு. நான் அதைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அப்போதே முதலாளிக்கு முழங்கால் வலி. தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் ஏற முடியவில்லை. அதோடு சடங்கு வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையைப் படமெடுக்க ஒரு பெண் வந்தால் நல்லது என்று பெண்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படித்தான் கேமரா என் தோளுக்கு வந்தது. முப்பத்தாறு படம் சடங்குக்காரர்களுக்கு. அதற்கு மேலே வருவது எனக்கு.

எனக்கு வந்த அந்த ஒன்றிரண்டை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அதற்கு எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் வர வேண்டும். வட்டகொடைக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். ஸ்டோர் என்றால் கடை இல்லை, தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். தேயிலையைப் பலகைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய காலம் முடிந்து, கடதாசிச் சாக்கில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மிஞ்சிய பெட்டிகள் பின்புறம் குவிந்து மழையில் நனைந்தன. மெல்லிய பலகை, உள்ளே ஈயத்தாள், ஓரத்தில் தகரப்பட்டி, வெளியே கறுப்பு மையில் ஆங்கில எழுத்தில் தோட்டத்தின் பெயர். அந்தப் பலகை இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கென்று இருக்கிற ஒற்றை அறை, அந்தக் காம்பராவைப் பிரிக்கிற தட்டி அதுதான், சாமிப் படம் வைக்கிற தட்டும் அதுதான். நான் உயர்தரத்துக்குப் படித்த மேசையும் அதே பலகைதான். யாரோ தலைகீழாக வைத்து ஆணி அடித்துவிட்டதால், என் கொப்பிக்குக் கீழே தோட்டத்தின் பெயர் எப்போதும் தலைகீழாகக் கிடந்தது.

அந்தப் பலகைகளில் நாலைப் பிரித்து, தரையில் சேர்த்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் சுழன்று கொண்டிருந்தார்கள் செல்வமும் ஜெகனும் இன்னும் நாலைந்து பேரும். செல்வம் ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் உருளையில் வேலை செய்தவன், என்னைவிட ஒரு வயது இளையவன். ஜெகன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், எனக்கு மூத்தவன். கொழும்பில் கடை வேலைக்குப் போன ஒருவன் தீபாவளிக்கு வரும்போது வீடியோ கசட் ஒன்று கொண்டு வந்திருந்தான். அதில் வெளிநாட்டுக் கறுப்பு இளைஞர்கள் தெருவில் அட்டையை விரித்துப் போட்டு அதன் மேல் முதுகால் சுழன்றார்கள், தலையால் நின்றார்கள், பாட்டை ராகமில்லாமல் பேச்சாகவே கொட்டினார்கள். தோட்டத்துக் கிளப்பில் அந்தக் கசட் தேய்ந்து கோடு விழுகிற வரைக்கும் இவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அட்டை, நம்மவர்களுக்குப் பெட்டிப் பலகை.

செல்வத்தின் வித்தை தலையில் சுழல்வது. கம்பளிக் குல்லாய்க்குள் அவன் அம்மாவின் தலைத்துணியை மடித்து வைத்துக்கொள்வான். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அறுக்காமல் இருக்கப் பெண்கள் மடித்துப் போடுகிற துணி அது. ஒரு தடவை அவன் அம்மா அந்த வழியாக வந்தவர், நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் தலையில கூடைய சொமக்குறேன். இவன் ஒலகத்தையே சொமக்குறான்." அதைத் திட்டென்று எடுப்பதா பெருமையென்று எடுப்பதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. துணியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

ஜெகனுக்கு வாய்தான் ஆட்டம். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிற அந்த வேகத்தையே அவன் பாட்டாக்கிவிட்டான். மற்றவர்கள் பலகையில் தட்ட, மூச்சு விடாமல் கொட்டுவான்:

"ஆறு மணிக்குப் பெரட்டு
ஆள கூப்பிட்டு வெரட்டு
கொழுந்து கொறஞ்சா மெரட்டு
கூடைக்குள்ள என்னா இருட்டு"

இதில் ராகம் எங்கே என்று படித்தவள் என்ற முறையில் நான் கேட்டேன். "மூச்சு இருந்தா போதும் புள்ள," என்றான்.

அவர்கள் எல்லோரும் ஸ்டூடியோவுக்கும் வந்திருக்கிறார்கள், அடையாள அட்டைப் படத்துக்கு. அட்டை இல்லாமல் கொழும்புப் பக்கம் தலை காட்ட முடியாத போர்க்காலம் அது. குல்லாயைக் கழற்றி, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, இரண்டு காதும் தெரிய உட்காருவார்கள். அந்தப் படத்தில் செல்வத்தைப் பார்த்தால் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவன் மாதிரி இருப்பான். தோட்டத்து ஆள் என்றால் அரசாங்கத்திடம் இருக்கப்போவது இந்த ஒரு முகம்தானா என்று எனக்குள் ஒரு கோபம் கிளம்பியது. இன்னொரு முகமும் இருந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும், அதை நான்தான் எடுப்பேன் என்று முடிவு செய்தேன். எனக்கு யாரும் முழு ரோல் தரப்போவதில்லை. பரவாயில்லை, ஒவ்வொரு ரோலின் வாலாக எடுப்பேன். ஒரு சடங்குக்கு ஒரு படம், ஒரு கல்யாணத்துக்கு ஒரு படம். லேபிலிருந்து வருகிற அந்த ஒற்றைப் பிரதி எனக்கு. நெகட்டிவ் மட்டும் வழக்கப்படி ஆல்பத்தோடு வீட்டுக்காரர்களிடம் போய்விடும். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை.

இனித் தர்ஷினியின் சடங்கு. அவள் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கய்யாவின் மகள். மலையில் நடக்கிற வேலை முழுவதையும் மேற்பார்வை செய்கிற உத்தியோகம் அவள் அப்பாவுக்கு. பெரிய இடத்து வேலை என்று முதலாளி புது ரோல் மாட்டச் சொன்னார். பிள்ளை பட்டுச் சேலையில் பொம்மை மாதிரி நின்றது, எதற்கும் சிரிக்கவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. அவள் வளர்த்த வெள்ளைக் கோழியோடு ஒரு படம் வேண்டுமாம். அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டார். நான் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கோழியைத் தூக்கிக் கையில் கொடுத்து, கோழிக்கூட்டுக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தேன். அன்றைக்கு அவள் சிரித்த ஒரே படம் அதுதான். இருபத்திரண்டாவது. ஏன் எண் ஞாபகமிருக்கிறது என்று இன்னும் கொஞ்சத்தில் உங்களுக்கே தெரியும்.

வேலை முடிந்து திரும்பும் வழியில் ஸ்டோருக்குப் பின்னால் போனேன். செல்வம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையில் முழுச் சுற்றுகள் சுற்றினான். இரண்டு காலும் வானத்தில், சட்டை சரிந்து முகத்தை மூட, குல்லாய்க்குக் கீழே பலகையில் தோட்டத்தின் பெயர். அழுத்தினேன். முப்பத்தேழு. இன்னொன்று வருமா என்று நான் நெம்பைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டான்.

"எங்கள மட்டும் எடுக்குறீங்க. நீங்களும் ஒரு நாளைக்கு நில்லுங்கக்கா."

வேண்டாம், வீணாக்காதே, தா என்று கையை நீட்டிக்கொண்டே ஓடினேன். அதற்குள் அழுத்திவிட்டான். ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை. ஒரு படம் என்றால் எனக்கு அடுத்த சடங்கு வரைக்கும் காத்திருக்கிற விஷயம்.

ரோல் கண்டிக்கு லேபுக்குப் போய்ப் படங்களாகத் திரும்பி வந்த நாளில், நான் சான்றிதழ் ஒன்று வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். முதலாளியே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் சடங்கு ஆல்பத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு, ஓர் இடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. வெறுமையாக விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தாறில் ஒன்று பளிச்சென்று வெளுத்துப் போயிருந்தது. வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் நான் தேங்காய்த் தட்டின் படத்தையாவது பெரிதாக்கி ஒட்டுவேன். முதலாளி கையில் முப்பத்தேழாவது இருந்தது. சடங்கு வீட்டில் பையன்கள் ஆடியிருப்பார்கள் என்று நினைத்து அதை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை அழுத்தி, ஆல்பத்தையும் நெகட்டிவையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

கண்டாக்கய்யா வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆல்பம் பார்த்திருக்கிறார்கள். நலங்கு, தாய்மாமன் சீர், ஆரத்தி, கடைசிப் பக்கத்தில் செல்வத்தின் வயிறும் இரண்டு உள்ளங்காலும்.

சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வயதுக்கு வந்த மகளின் ஆல்பத்தில் லயத்துப் பையன் ஒருவனின் படம். அந்தக் கோபத்தைக் கண்டாக்கய்யா எந்த வாயால் வெளியில் சொல்வார்? ஆபீசில் அப்படி ஒரு புகார் எழுத முடியுமா? படத்தை மறுபடி பார்த்திருக்கிறார். பலகையில் தோட்டத்தின் பெயர் தெரிந்தது. பெட்டித் திருட்டு என்று புகார் எழுதினார். செல்வத்தையும் ஜெகனையும் மறுநாள் வேலைக்கு எடுக்கவில்லை. திருட்டு உறுதியானால் செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவிலிருந்து பெயர் வெட்டுவார்கள், பெயர் வெட்டினால் காம்பராவும் போய்விடும்.

படமெடுத்த ஆளும் ஆபீசுக்கு விசாரணைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு நல்லது செய்யத்தான் வந்தார். படமெடுத்தது முதலாளி என்று சொல்லிவிடு, டவுன்காரரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, நீ ஒதுங்கிக்கொள் என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியபடியே கேட்டார்.

"நம்ம பேரும் அந்தச் செக்ரோல்லதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"நீதான எடுத்த?"

"நான்தான்."

"அப்ப போ. வெறும் வயித்துல போவாத."

ஆபீசில் தோட்டத்து மனேஜர், எங்கள் பேச்சில் தொரை, உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த சிங்களத் தொரை, தமிழைக் கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடக்கிறவர் மாதிரி பேசுவார். கண்டாக்கய்யா ஆல்பத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். அந்தப் படத்தை மட்டும் பிய்த்தால் கிழிந்துவிடும் என்று முழு ஆல்பத்தையே கொண்டு வந்திருந்தார். செல்வமும் ஜெகனும் வெளிவாசலில். எல்லோரும் "தொரை" என்று கையைக் கட்டுகிற இடத்தில் நான் "குட் மார்னிங் சார்" என்றேன்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாமாம். எங்கள் குடும்பத்தில் அந்த ஆபீசில் நீட்டப்பட்ட எந்தத் தாளையும் அதற்கு முன்னால் யாரும் வாசித்ததில்லை.

"படிச்சிட்டுப் போடுறேன் சார்."

வாசித்தேன். என் ஆங்கிலத்துக்கு அது நீளமான தாள். ஓரிடத்தில் தடுக்கி நின்று, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தொரையிடமே கேட்டேன். அவரும் சொன்னார். இரண்டு தொழிலாளர்கள் தோட்டத்துப் பெட்டிகளைத் திருடிக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன், அப்போது படமெடுத்தேன் என்று அதில் இருந்தது.

"இதுல நான் பார்க்காததை எழுதியிருக்கு சார். பலகை ஸ்டோருக்குப் பின்னாலதான் கெடந்தது. படத்துலயே ஸ்டோர் செவரு விழுந்திருக்கும். எங்கயும் போகல."

"தோட்டத்துப் பொருள எடுத்தாலே திருட்டுதான்," என்றார் கண்டாக்கய்யா. "இவ என்னா சட்டம் பேச வந்துட்டா?"

அப்படியென்றால் அந்த ஆல்பத்தில் இன்னொரு படம் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஆல்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பொம்பளைப் பிள்ளை சடங்குப் படத்தைக் கண்டவர்களும் பார்க்கக் கூடாது என்றார். அதை எடுத்ததே நான்தான் சார், எல்லாவற்றையும் கேமரா வழியாக முதலில் பார்த்தவள் நான் என்றேன். தொரை கையை நீட்டினார். ஆல்பம் மேசைக்கு வந்தது.

இருபத்திரண்டாவது படத்தைத் திருப்பி வைத்தேன். பட்டுச் சேலையில் தர்ஷினி, கையில் வெள்ளைக் கோழி, முகம் நிறைந்த சிரிப்பு. பின்னால் கோழிக்கூடு. நாலு பக்கமும் பெட்டிப் பலகை, அதில் கறுப்பு மையில் எங்கள் தோட்டத்தின் பெயர், என் மேசையில் கிடந்த மாதிரியே தலைகீழாக.

தொரை ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். பிறகு இந்தக் கூடு யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கய்யா தமிழில் பதில் சொன்னார்.

"கோழி... மகளோடது தொரை."

வெளிவாசலில் ஜெகன் இருமிக்கொண்டான். அது இருமல் இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் இரண்டு பேரும் வேலைக்கு வரலாம் என்று தொரை சொன்னார். ஆனால் சமாதானத்துக்காக இரண்டு பக்கமும் ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற பலகை முழுவதும் அன்று மாலைக்குள் அடுப்புக்குப் போக வேண்டும் என்றார். ஆடிய பலகையை அவர்களே உடைத்துச் சுமந்து கொண்டு போனார்கள். கோழிக்கூட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது நின்றது. நான் ஜெயித்தேன் என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கு வந்ததே என் படத்தால்தான். அவர்கள் காலுக்குக் கீழிருந்த தளம் போனதும் அதனால்தான்.

கண்டாக்கய்யா வீட்டுக்குப் போனதும் இருபத்திரண்டையும் முப்பத்தேழையும் ஆல்பத்திலிருந்து பிய்த்துக் கிழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வர வேண்டிய ஒற்றைப் பிரதி அந்த முப்பத்தேழுதான். முதலாளி என்னைத் திட்டவில்லை. உத்தியோகத்தர் வீட்டு வேலைகள் நின்றுபோனதில் வருத்தப்பட்டார். ரோலில் முப்பத்தாறுக்கு மேல் வந்தாலும் இனிமேல் எடுக்காதே என்றார்.

"அப்ப நான் சொந்தமா ரோல் வாங்கிக்கிறேங்க," என்றேன்.

வாங்கினேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒன்றரை வருஷத்தில் ஒரு பழைய கேமராவும் வாங்கினேன். அவர்கள் சாக்கை விரித்துக் கோயில் சிமெந்துத் தரையில் ஆடினார்கள், முட்டி தேய்ந்தது, நான் எடுத்தேன். அக்கரப்பத்தனையில் ஒரு திருவிழா மேடையில் ஏறினார்கள், நான் எடுத்தேன். பிறகு கல்யாண வீடியோ காலம் வந்தது. வீடியோ பிடிக்கப் போனேன். அதிலும் நாடாவின் கடைசியில் சில நிமிடங்கள் மிஞ்சும், அந்த நிமிடங்களில் செல்வம் சுழல்வான். பாட்டுப் பதிகிற கசட்டின் கடைசியில் நாலு நிமிடம் மிஞ்சியது, அதில் ஜெகன் பெரட்டுப் பாட்டு முழுவதையும் கொட்டினான். அதை வானொலிக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஒலித்தபோது லயத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள், ஏதோ ஊர்வலம் வருகிற மாதிரி. பின்னால் கொழும்பில் பயிற்சி, சஞ்சிகை வேலை, குறும்படம் என்று எங்கெங்கோ போனேன். எந்த இடத்திலும் முன்வாசல் வழியாக நுழைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ மிச்சம் விட்ட வாலைப் பிடித்துத்தான் உள்ளே போயிருக்கிறேன்.

அடுத்த மாதம் இந்தப் படங்களையெல்லாம் பெரிதாக்கி ஹட்டனில் ஒரு மண்டபத்தில் மாட்டப் போகிறேன். ஸ்டோருக்குப் பின்னால் பலகை கிடந்த காலத்து நெகட்டிவ்களைத் தேடி ஆறு மாதமாகத் தோட்டம் தோட்டமாக நடக்கிறேன். உங்கள் கல்யாண நெகட்டிவ் இருக்கிறதா, கடைசித் துண்டு மட்டும் பார்க்கலாமா என்று கதவைத் தட்டுகிற பெண்ணை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சடங்கு ரோல் மட்டும் கிடைக்கவே கிடைக்காது என்று மனதில் அடித்து வைத்திருந்தேன்.

"அப்பா நெகட்டிவையும் அடுப்புல போடச் சொன்னாருக்கா," என்றாள் தர்ஷினி. "அம்மாக்கிட்ட நான் வெறும் ஒறையக் குடுத்துட்டேன். அவங்க பாக்காம போட்டுட்டாங்க."

ஏன் ஒளித்து வைத்தாள் என்று கேட்டேன். அந்த ஆட்டத்துக்காக, நியாயத்துக்காக என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"இருபத்திரெண்டுல என் கோழி இருக்கே."

ஒரு கோழியால் பிழைத்தது என் முப்பத்தேழு. கணினியில் ஏற்றிப் பார்த்தோம். செல்வத்தின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த தேயிலைத் தூள்கூடத் தெரிந்தது. அந்த ஸ்டோரில் இப்போது கூரைத் தகடு இல்லை, உருளைகளை இரும்புக்கு வெட்டி ஏற்றிப் போய்விட்டார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. செல்வம் கொழும்பில் ஒரு வன்பொருள் கடையில் இருக்கிறான், குளிர் நாளில் கழுத்து பிடித்துக்கொள்கிறதாம். ஜெகன் கட்டார் போய்த் திரும்பி வந்து பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறான். பெரட்டுப் பாட்டைக் கேட்டால் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாகிவிடுவான். "அதெல்லாம் மறந்து போச்சு புள்ள."

தர்ஷினி துண்டின் ஓரத்தைக் காட்டினாள். "இங்க இன்னொண்ணு பாதி இருக்கேக்கா."

முப்பத்தெட்டு. லேபில் கத்தரிக்கிற இடத்தில் வெளிச்சம் பட்டுப் பாதி எரிந்துபோன படம். அதனால்தான் யாரும் அதைப் பிரதி போடவில்லை. ஏற்றினேன். இடது பாதி வெறும் வெள்ளை. வலது பாதியில் ஒரு பெண், கையை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திட்டிக்கொண்டு, ஒரு செருப்புக் கழன்று, பெட்டிப் பலகை மேல் ஓடி வருகிறாள். காது தெரிய எடுத்த அடையாள அட்டைப் படத்தைத் தவிர, அந்த வருஷங்களில் என் படமென்று இருப்பது இது ஒன்றுதான். எனக்குப் பக்கத்தில், வெள்ளைக்குள்ளிருந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கிறது. தாளம் தட்டுகிற கை. ஜெகன் அந்தப் பாதியில்தான் நின்றிருந்தான்.

இப்போது என் கையில் இருக்கிற கேமராவில் நாள் முழுக்க எடுத்தாலும் முடியாது. முப்பத்தாறு என்று ஒரு கணக்கு இல்லை, ஆகவே அதற்கு மேலே எனக்கென்று விழுகிற ஒன்றும் இல்லை. அப்படி ஒரு படத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தவளும் போய்விட்டாள், பாதி எரிந்த இந்தச் சதுரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"எரிஞ்ச பக்கத்த வெட்டிட்டா நல்லா இருக்கும்லக்கா?" என்றாள் தர்ஷினி.

வெட்டப் போவதில்லை. வாசலில் நுழைந்ததும் முதலில் தெரிகிற சுவரில், வெள்ளையும் சேர்த்து ஆள் உயரத்துக்கு மாட்டுவேன். அந்த வெள்ளைப் பாதிக்குப் பின்னால் ஒலிபெருக்கியை வைப்பேன். கசட்டின் வாலில் மிஞ்சிய நாலு நிமிடமும் அங்கிருந்து ஒலிக்கும். ஜெகனுக்கு அழைப்பு அனுப்பவில்லை. அவன் ஆட்டோவிலேயே மண்டபத்துக்குப் போய் இறங்கி, கொஞ்சம் உள்ளே வந்துவிட்டுப் போ என்று சொல்லப் போகிறேன்.